கிழக்குக் கடற்கரையின் காப்புநிலங்கள்: பயனும் வரம்பும்

பழவேற்காட்டிலிருந்து மன்னார் வளைகுடா வரை நீளும் தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையிலும் அதையொட்டிய சமவெளியிலும் சரணாலயம், தேசியப் பூங்கா, காப்புக்காடு, உயிர்க்கோளக் காப்பகம் எனப் பல பெயர்களில் அரசின் பாதுகாப்பைப் பெற்ற நிலங்களும் நீர்ப்பரப்புகளும் இருக்கின்றன. இவற்றைக் காணச் செல்வோர் வாயிலில் படிக்கும் அறிவிப்புப் பலகை பெரும்பாலும் ஓர் அரசாணையின் ஆண்டையே சொல்கிறது. அந்த ஆண்டுக்கு முன் அவ்விடம் மனிதர் கை படாமல் கிடந்தது என்ற எண்ணம் அதனால் எளிதில் உண்டாகிவிடுகிறது. ஆனால் வேடந்தாங்கல் ஒரு பாசன ஏரி. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வழிப்போக்கர்களுக்குச் சோறிட்ட சத்திரங்களின் சொத்து. கோடியக்கரை கோயிலும் துறையும் உப்பும் சேர்ந்த ஊர்ப்புறம். கிண்டி ஆளுநர்களின் தோட்டம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்த கடல் முத்தும் சங்கும் எடுத்த களம். இவை அனைத்தும் நூற்றாண்டுக் கணக்கில் மனிதர் பயன்படுத்திய இடங்களே. எந்த இடத்தில் பயனுக்கு வரம்பு இருந்ததோ, அந்த வரம்பைக் காப்பதில் பயன்பெற்றவர்களுக்கே அக்கறை இருந்ததோ, அந்த இடத்தில் உயிர்கள் நிலைத்தன என்பதே இக்கரையின் வரலாறு காட்டும் உண்மை.

இன்றைய பாதுகாப்பு இரண்டு சட்டங்களின் மேல் நிற்கிறது. முதலாவது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். அது காட்டை அரசுடைமையாக வரையறுத்துக் 'காப்புக்காடு' என்னும் வகையை உண்டாக்கியது; அதன் முதன்மை நோக்கம் மரத்தையும் வருவாயையும் காப்பதே தவிர விலங்குகளைக் காப்பதன்று. இரண்டாவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அச்சட்டத்தின்படி சரணாலயம் என்பது உள்ளூர் மக்களின் சில உரிமைகளை அனுமதித்தபடியே வேட்டையைத் தடுக்கும் பகுதி. தேசியப் பூங்கா என்பது மேய்ச்சல் உள்ளிட்ட உரிமைகளுக்கும் இடந்தராத, இன்னும் கடுமையான காப்பு உடைய பகுதி. இவ்விரண்டோடு, 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தாகி 1982இல் இந்தியா இணைந்த ஈரநில உடன்படிக்கையும் சேர்ந்துகொண்டது. ஏரி, சதுப்பு, கழிமுகம் போன்ற நீர்தங்கும் நிலங்களைப் பன்னாட்டு முக்கியத்துவம் உடையவை என்று பட்டியலிடும் இவ்வுடன்படிக்கையின் கீழ்த் தமிழகத்தில் முதலில் இடம்பெற்றது கோடியக்கரை, ஆண்டு 2002. வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை, பிச்சாவரம் முதலியவை 2022இல் அப்பட்டியலில் சேர்ந்தன.

ஏரியும் அதன் பறவைகளும்

இச்சட்டங்களுக்கெல்லாம் முந்திய காப்பு செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில் இருந்தது. ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புள்ள இந்தச் சிற்றேரி வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, அதன் ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரி நீரால் பயிராகும் வயல்களுக்கு, நீர் தருகிறது. ஏரிக்குள் நீரில் மூழ்கியபடியே உயிர்வாழும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வக்கா, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா ஆகியவை கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அடிமரத்தைச் சூழ்ந்து நிற்கும் நீர் ஏறிவரும் பகைகளைத் தடுப்பதால், ஏரி நிரம்பிய ஆண்டில் மரங்கள் கூடுகளால் நிறைகின்றன. மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் வருவதுமில்லை, வந்தாலும் தங்குவதுமில்லை.

கூடுகளிலிருந்து ஓயாது விழும் எச்சம் ஏரி நீரில் கரைந்து, மதகு வழியே வயலுக்குப் போய், நெற்பயிருக்கு உரமாகிறது. பறவைகளைக் காப்பதில் அவ்வூர் உழவர்களுக்கு இருந்த அக்கறைக்கு இரக்கம் மட்டும் காரணமன்று. அவர்களுடைய விளைச்சலும் அதில் அடங்கியிருந்தது. அதனால்தான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது ஊரார் அதைத் தங்கள் உரிமைக்கு நேர்ந்த கேடாகக் கருதி மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டனர். அப்போது அப்பகுதியை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியரான லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் ஊராரின் உரிமையை ஏற்றுக் கவுல் ஒன்று வழங்கினார். கவுல் என்பது நிலம், வரி, உரிமை ஆகியவை குறித்து அரசு எழுதிக்கொடுக்கும் உறுதிப் பத்திரம். 1798ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் இவ்வுரிமை 1858இல் புதுப்பிக்கப்பட்டது. 1936இல் ஏரி சரணாலயமாக ஏற்கப்பட்டது. பின்னர் வனச் சட்டத்தின் கீழும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் அதன் நிலை உறுதிசெய்யப்பட்டது. அரசு இங்கே புதிதாக ஒரு காப்பை உண்டாக்கவில்லை. ஊரார் ஏற்கெனவே நடத்திவந்த காப்புக்குத் தன் முத்திரையை இட்டது.

வேடந்தாங்கலின் பறவைகள் வேடந்தாங்கலில் மட்டும் வாழ்வதில்லை. ஏரியின் சிறு பரப்பு அத்தனை குஞ்சுகளுக்கு இரை தர முடியாது. தாய்ப்பறவைகள் சுற்றுவட்டாரத்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும் கால்வாய்களுக்கும் பறந்து சென்று மீனும் நத்தையும் கொண்டுவருகின்றன. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை விரிக்கப்பட்டதற்கும், அந்த எல்லையைச் சுருக்கும் முன்மொழிவு 2020இல் எழுந்தபோது பறவை ஆர்வலர்களும் ஊராரும் கடுமையாக எதிர்த்ததற்கும் இதுவே காரணம். ஒன்றுக்கொன்று நீர் வழங்கும் சங்கிலித்தொடர் ஏரிகளை அமைத்துத் தூர்வாரிக் காத்த பழைய பாசன முறை, அதை நோக்கமாகக் கொள்ளாமலேயே, ஒரு பெரும் பறவைப் புகலிடத்தையும் உருவாக்கி வைத்தது.

இதற்கு மாறான தோற்றம் உடையது சென்னைக்குள் இருக்கும் கிண்டி. அங்குள்ள காடு ஊராரால் அன்றி அதிகாரத்தால் காக்கப்பட்டது. கில்பர்ட் ரோடரிக்ஸ் என்பவரிடமிருந்து 1821இல் 35,000 ரூபாய்க்கு அரசு வாங்கிய இத்தோட்டம் ஆளுநர்களின் ஊர்ப்புற மாளிகையைச் சூழ்ந்திருந்தது. 505 எக்டேர் பரப்பு 1910இல் காப்புக்காடாயிற்று. விடுதலைக்குப் பின் கல்வி நிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் பகுதி பகுதியாக நிலம் பிரித்துத் தரப்பட்டு, எஞ்சிய சுமார் 270 எக்டேர் 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புதர்க்காட்டில் வெளிமானும் புள்ளிமானும் இன்றும் அங்கே இருக்கின்றன. ஆனால் நிலத்தின் நன்மையில் பங்குள்ள ஊர் என ஒன்று சூழ இல்லாதபோது, கேட்டவர்க்கெல்லாம் பகிர்ந்து கொடுக்கக்கூடிய காலி மனையாகவே காடு பார்க்கப்படும் என்பதைக் கிண்டியின் சுருக்கம் தெளிவாகக் காட்டுகிறது.

அலையாத்திக் காடுகள்

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் சேற்றுநிலத்தில், ஏற்றவற்றத்துக்கு ஈடுகொடுத்து வளரும் மரங்களின் தொகுதி அலையாத்திக் காடு அல்லது கண்டல் காடு எனப்படுகிறது. சேற்றில் காற்று இல்லாததால் சில மரங்கள் மூச்சுவேர்களை நிலத்துக்கு மேல் குச்சி குச்சியாக நீட்டுகின்றன. சுரபுன்னை வகைகள் தண்டிலிருந்து வளைந்திறங்கும் தாங்குவேர்களால் சேற்றைப் பற்றி நிற்கின்றன. தமிழகத்தில் இக்காடுகள் சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்திலும் திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டையிலும் பெரும் பரப்பில் உள்ளன. சிதம்பரம் கோயிலின் தலமரமாகிய தில்லை, பிச்சாவரக் கழிமுகத்தில் இயல்பாக வளரும் மரங்களுள் ஒன்று. வெட்டினால் கசியும் அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம் தரும் என்பதால் அதன்மேல் கத்தி வைக்க மரம் வெட்டுவோர் அஞ்சுவர்.

முத்துப்பேட்டைக் காட்டின் பழைய உடைமை தனித்தன்மை உடையது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் பயணிகளுக்கு உணவும் தங்குமிடமும் தரும் சத்திரங்களைக் கட்டி, அவற்றின் செலவுக்காக நிலங்களையும் வருவாய்களையும் எழுதிவைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இச்சத்திரங்களின் நிர்வாகத்தின் கீழ் இருந்தது; காட்டின் விறகும் பிற பொருள்களும் விற்ற பணம் அறச்செலவுக்குப் போயிற்று. 1937இல் காடு வனத்துறையின் பொறுப்புக்கு வந்தது. அறத்துக்கான வருவாயானாலும் வருவாய் வருவாயே. ஆண்டுதோறும் காடு ஏதாவது தந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு சத்திர காலத்திலும் அரசு காலத்திலும் மாறவில்லை.

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் கையாளப்பட்ட முறை, காட்டைப் பல கூறுகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கூறை முற்றாக வெட்டி, சில பத்தாண்டுகளுக்குப் பின் அதே கூறுக்குத் திரும்பும் முறையாகும். மலைக்காட்டில் வெட்டிய இடம் மீண்டும் துளிர்க்கும் என்ற கணக்கு இங்கே பொய்த்தது. மரம் இழந்த சேறு வெயிலில் காய்ந்து இறுகி, சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்து, தட்டுப்போலக் குழிந்தது. ஏற்றத்தின்போது உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தின்போது வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாக, மண்ணின் உப்பு எந்த விதையும் முளைக்க முடியாத அளவுக்கு ஏறியது. காடு அழிவதற்கு விறகு பொறுக்கும் ஊராரும் அவர்களின் மாடுகளுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பிச்சாவரத்தில் நடத்திய ஆய்வு, நீரோட்டம் அடைபட்டதே முதன்மைக் காரணம் என்று நிறுவியது. நடுவே ஒரு பெரிய வாய்க்காலும், மீன்முள் போல இருபுறமும் சாய்ந்து பிரியும் சிறு வாய்க்கால்களும் வெட்டி, ஏற்றவற்ற நீர் வந்துபோக வழிசெய்து, வாய்க்கால் ஓரங்களில் கன்றுகளை நட்டபோது காடு திரும்பியது. இப்பணியில் வனத்துறையோடு சுற்றியுள்ள சிற்றூர் மக்களும் சேர்க்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்டவர்களே காவலர்களாயினர்.

அக்காடு அவர்களுக்கு நன்றிக்கடன் செலுத்தும் நாள் விரைவில் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கரையைத் தாக்கியபோது, பிச்சாவரத்தை ஒட்டி அலையாத்திகளுக்குப் பின்னால் இருந்த சிற்றூர்கள் திறந்த கரையில் இருந்த ஊர்களைவிடக் குறைவான சேதத்தோடு தப்பின. கடலூர் மாவட்டக் கரையில் மரச்செறிவு அலையின் வேகத்தைத் தணித்ததை 2005இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை பதிவுசெய்துள்ளது.

கோடியக்கரை

சோழமண்டலக் கரை தெற்கு நோக்கி வந்து மேற்கே திரும்பும் முனையில் கோடியக்கரை உள்ளது. கோடிக்குழகர் கோயிலால் தேவாரத் தலமாகவும், கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கதைக்களங்களுள் ஒன்றாகவும் தமிழ் வாசகர் இவ்விடத்தை அறிவர். சோழர் காலத்தது என்று கருதப்பட்ட செங்கல் கலங்கரை விளக்கத்தின் எச்சம் ஒன்று இங்கு நெடுங்காலம் நின்றிருந்து 2004 ஆழிப்பேரலையில் அழிந்தது. நிலவியல் நோக்கில் இப்பகுதி மூன்று அடுக்குகளால் ஆனது: மணல்மேடுகளில் வளர்ந்த உலர் பசுமைமாறாக் காடு, அதாவது மழை குறைந்த காலத்திலும் இலை உதிர்க்காத குட்டைக் காடு, அதை ஒட்டிய புல்வெளி, வடமேற்கே முத்துப்பேட்டை வரை விரியும் வேதாரணியம் உப்புச் சதுப்பு. காட்டில் பாலை மரங்களும், புல்வெளியில் வெளிமான்களும், சதுப்பில் அக்டோபர் முதல் மார்ச் வரை வந்து தங்கும் பூநாரை, உள்ளான், ஆலா முதலிய பறவைகளும் இதன் செல்வம்.

அந்தச் சதுப்பின் உப்புக்கும் ஓர் அரசியல் வரலாறு உண்டு. கடல்நீர் ஏறி வற்றும் தரையில் கோடையில் தானே படியும் உப்பைக் கரையோர மக்கள் வாரி எடுத்துவந்தனர். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைக் கம்பெனி தன் தனியுரிமையாக்கியபின், இயற்கை தந்ததை எடுப்பதே குற்றமாயிற்று. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் ஏப்ரல் 28 அன்று வேதாரணியத்தை அடைந்து, 30ஆம் நாள் அகத்தியம்பள்ளியில் உப்பெடுத்துச் சட்டத்தை மீறினர். மக்களின் பயனுரிமையை மறுத்து வருவாய் ஒன்றையே நோக்கும் ஆட்சிக்கு எதிரான இப்போராட்டமும், பறவைகளைச் சுட்டதற்கு எதிரான வேடந்தாங்கல் முறையீடும் ஒரே உரிமையுணர்விலிருந்து எழுந்தவை என்று சொல்வது மிகையாகாது.

1960களின் தொடக்கத்தில் பறவையியலாளர் சாலிம் அலி இப்பகுதியின் சிறப்பை எடுத்துரைத்தார். 1967இல் கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கு நடத்திவந்த வளையமிடும் பணியில், வலையில் பிடிபட்ட பறவையின் காலில் எண் பொறித்த மெல்லிய உலோக வளையம் மாட்டப்பட்டு, அது உடனே பறக்கவிடப்படுகிறது; தொலைநாட்டில் அப்பறவை மீண்டும் பிடிபட்டால் அதன் வலசைப் பாதை தெரியவருகிறது. வட ஆசியாவின் குளிர்நிலங்களோடு இச்சதுப்புக்கு உள்ள தொடர்பு இவ்வாறே உறுதிப்பட்டது. இங்கும் பழைய சமநிலை குலைந்துவருகிறது. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் வெளிமானுக்குரிய புல்வெளியை மூடுகிறது. கட்டவிழ்ந்து காட்டில் பெருகிய மட்டக்குதிரைகள் அதே புல்லுக்குப் போட்டியிடுகின்றன. சதுப்பின் பெரும்பகுதி தொழிற்சாலை உப்பளங்களாக மாறியுள்ளது. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் மரங்களையும் விலங்குகளையும் பெருமளவில் அழித்துச் சென்றது.

முறைவைத்து மீன்பிடித்தலும் முத்துக்குளித்தலும்

நிலத்தில் இருந்தது போன்ற வரம்பு நீரிலும் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரின் கெல்டிரியாக் கோட்டை நின்ற பழவேற்காட்டில், கடலோடு தொடர்புள்ள உவர்நீர் ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை ஊர்கள் 'பாடு' என்னும் முறையால் பகிர்ந்துகொண்டன. பாட்டில் உரிமையுள்ள தலைக்கட்டுகள், அதாவது உறுப்பினர் குடும்பங்கள், குலுக்கல் மூலம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறைவைத்துக்கொள்வர். நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை, ஒரே இடத்தில் எல்லாரும் மொய்ப்பதுமில்லை. இம்முறை குறிப்பிட்ட சமூகத்தாருக்கு வெளியே இருந்தோரை விலக்கியது என்பதையும் மறைக்க இயலாது. எனினும் 1980இல் ஏரியின் தமிழகப் பகுதி பறவைச் சரணாலயமாவதற்கு நெடுங்காலம் முன்பே அளவறிந்து எடுக்கும் ஒழுங்கை அது நிலைநாட்டியிருந்தது.

தெற்கே மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் படியும் கடலடித் திட்டுகள் பார் எனப்படும். கொற்கைக் காலம் முதல் புகழ்பெற்ற முத்துக்குளிப்பு, பாண்டியர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஆட்சி மாறினாலும் அரசின் கண்காணிப்பிலேயே நடந்தது. பார்களை முன்கூட்டிச் சோதித்து, சிப்பி முதிர்ந்திருந்தால் மட்டுமே குளிப்பு அறிவிக்கப்படும். ஆங்கிலேயர் காலத்தில் குளித்தெடுத்த சிப்பிகளை மூன்று குவியலாக்கி, இரண்டை அரசும் ஒன்றைக் குளியாளிகளும் எடுத்துக்கொண்டனர். வங்காளத்து வளையல் தொழிலுக்காக எடுத்த சங்குகளைக் குறித்த விட்டமுள்ள துளையில் இட்டுப் பார்ப்பர். துளை வழியே விழும் சிறு சங்கு மீண்டும் கடலில் விடப்படும். சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் இத்தொழில்களை விரிவாக எழுதிவைத்தார். தூத்துக்குடியில் பெருமளவு முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல்.

வரம்பு இல்லாத பறிப்பு அதன்பின்தான் வந்தது. சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பவளப்பாறைகள் கடப்பாரையால் பெயர்க்கப்பட்டு வண்டிவண்டியாகக் கரையேறின. இழுவைமடி விசைப்படகுகள் கடலடியை வாரின. அலையை உடைக்கும் பாறை போனபின் தீவுகளே கரைந்தன: பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளும் சூழ்ந்த கடலும் 1986இல் சுமார் 560 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. உயிர்க்கோளக் காப்பகம் என்பது கடுமையாகக் காக்கப்படும் உள்வட்டத்தையும், மக்கள் வாழ்ந்து தொழில்செய்யும் வெளிவட்டத்தையும் ஒருங்கே கொண்ட அமைப்பு. 2001இல் பவளமும் கடலட்டையும் வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பைப் பெற்றன. கடற்கரையோர மக்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவுக்காகப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் 2022இல் அமைந்தது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது.

தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுக்கும் இராமநாதபுரக் கரையோரப் பெண்கள் இந்தப் பூங்கா எல்லையால் நேரடியாகப் பாதிக்கப்பட்டனர். பாறை கீறாமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து மூழ்கிக் கையால் பாசி பறிக்கும் இப்பெண்கள், மாதத்தில் சில நாட்கள் மட்டுமே எடுப்பது, பாசி வளர இடைவெளி விடுவது என்று தமக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். வேடந்தாங்கல் உழவரும் பழவேற்காட்டுத் தலைக்கட்டுகளும் கடைப்பிடித்த அதே ஒழுங்கு இங்கே நம் காலத்தில் புதிதாக உருவாகியுள்ளது. அதைச் சட்டம் கண்டுகொள்ள வேண்டும்.

தொழிற்சாலையின் கழிவுநீரையும் இழுவைமடியையும் ஊர்க்கட்டுப்பாடு மட்டும் தடுத்துவிடாது. அதற்குச் சட்டத்தின் வலிமை தேவை. ஆனால் சட்டம் மட்டும் நின்று காத்த இடம் இக்கரையில் ஒன்றுகூட இல்லை. வேடந்தாங்கலில் அரசு ஊராரின் உரிமையை ஏற்று எழுதிக்கொடுத்தது; பிச்சாவரத்தில் ஊராரைச் சேர்த்துக்கொண்டபின் காடு திரும்பியது. இக்காப்புநிலங்களைக் காணச் செல்வோர் பறவையையும் மானையும் பவளத்தையும் பார்ப்பதோடு, ஏரியின் மதகையும் கழிமுகத்தின் வாய்க்காலையும் கரையில் வலை உலர்த்தும் மக்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிய காப்பகங்களுக்கு எல்லைக்கல் நடும் அரசு, முதலில் அந்நிலத்தால் வாழ்வோரை அழைத்து அவர்களின் வரம்புகளைக் கேட்டறிய வேண்டும்.